பதற்ற நோய்: புத்தகம் சொல்வதும் கிளினிக்கில் நடப்பதும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் இருந்த மலர்க்குழு நண்பர், "டாக்டர், சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி எல்லாம் பலர் எழுதியாகிவிட்டது. இந்த முறை நீங்கள் வேறு ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றார். என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே எதிர் வரிசையில் ஒரு காட்சி. ரசம் வருவதற்குள் ஓர் அம்மையார் கைப்பையிலிருந்து சின்ன மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "உனக்கும் ஒண்ணு வேணுமா? படபடப்பு சட்டுன்னு அடங்கிடும். ராத்திரி நல்லாத் தூக்கமும் வரும்" என்று பட்டையைக் கிழித்து நீட்டினார். ஏதோ பாக்கு கொடுப்பது போல!

அந்த மாத்திரையை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடங்கள் நானே தாராளமாக எழுதிக் கொடுத்த மாத்திரைதான் அது. எதை எழுதுவது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

நான் மனநல நிபுணன் அல்ல. மும்பை முலுண்டில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கிளினிக் வைத்திருக்கும் சாதாரணக் குடும்ப மருத்துவன். ஆனால் பதற்ற நோய் உள்ளவர்கள் முதலில் வருவது என்னைப் போன்றவர்களிடம்தான். நம் நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருந்தாலும் அவரிடம் போக நம்மவர்கள் கூச்சப்படுவார்கள். ஆகவே இந்த நோய்க்குப் பெரிய நிபுணர்கள் வகுத்திருக்கும் நெறிகளை என் சின்னக் கிளினிக்கில் கடைப்பிடிக்கப் போய் நான் கற்றதையும், அதற்கு முன் செய்த தவறுகளையும் சொல்கிறேன். இதில் வரும் நோயாளிகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

பதற்றம் எப்போது நோயாகிறது?

பயம் இயற்கை கொடுத்த காவல்காரன். சாலையைக் கடக்கும்போது லாரி வேகமாக வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கால் தானாகப் பின்வாங்குகிறது. அட்ரினலின் என்ற சுரப்பு செய்யும் வேலை இது. பிள்ளையின் பரீட்சைக்கு முந்தின இரவு தாய்க்குத் தூக்கம் வராததும் நோயல்ல. காரணம் போனதும் பயமும் போய்விட்டால் கவலையில்லை.

காவல்காரன் திருடன் வராதபோதும் விசில் ஊதிக்கொண்டே இருந்தால்? அதுதான் பதற்ற நோய். இதில் சில வகைகள் உண்டு. ஆறு மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில், அடக்க முடியாத கவலை இருந்து, அதனுடன் தூக்கக் குறைவு, உடல் இறுக்கம், களைப்பு, எரிச்சல், கவனம் சிதறுதல் ஆகியவையும் சேர்ந்தால் அது பொதுப் பதற்ற நோய். திடீரென்று சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி, "இதோ சாகப் போகிறேன்" என்று தோன்றவைத்து, பிறகு மெல்ல இறங்குவது பீதித் தாக்கம். அது திரும்பத் திரும்ப வந்து, "மறுபடி வந்துவிடுமோ" என்ற பயமே வாழ்க்கையைச் சுருக்கிவிட்டால் அது பீதி நோய். நான்கு பேர் முன் பேசவோ சாப்பிடவோ முடியாத அளவுக்குக் கூச்சம் இருந்தால் சமூகப் பதற்றம். உயரம், லிஃப்ட், நாய், ஊசி என்று குறிப்பிட்ட ஒன்றைப் பற்றிய அச்சமும் உண்டு.

இவற்றுக்கும் கோழைத்தனத்துக்கும் சம்பந்தமில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். அரண்டவன் படும் பாட்டை யாரும் கேட்பதில்லை.

வழிகாட்டு நெறி என்றால் என்ன?

ஒவ்வொரு மருத்துவரும் தம் அனுபவத்தை மட்டும் வைத்து மருந்து கொடுத்தால் பத்து மருத்துவரிடம் பத்து விதச் சிகிச்சை கிடைக்கும். அதனால் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, எது பலன் தருகிறது, எது கெடுதல் செய்கிறது என்று எடைபோட்டு நிபுணர் குழுக்கள் பரிந்துரைகளை வெளியிடுகின்றன. அவைதான் வழிகாட்டு நெறிகள். பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு பொதுப் பதற்ற நோய்க்கும் பீதி நோய்க்கும் 2011இல் இப்படி ஒன்றை வெளியிட்டது. நம் நாட்டில் இந்திய மனநல மருத்துவர் சங்கம் இதே நோய்களுக்கு 2017இல் நெறிகளை வெளியிட்டது. பேச்சுவழிச் சிகிச்சைக்குத் தனியாக 2020இல் ஒன்று வந்தது.

இவற்றின் சாரம் எளியது. சிகிச்சை படிப்படியாக அமைய வேண்டும் என்பதே பிரிட்டன் நெறியின் அடிப்படை. முதற்படியில் நோயை அடையாளம் கண்டு, அதை நோயாளிக்கு விளக்கிச் சொல்லிக் கவனித்து வர வேண்டும். இரண்டாம் படியில் சுய உதவிப் பயிற்சியும் குழு வகுப்பும். அதிலும் குறையாவிட்டால் மூன்றாம் படியாக முறையான பேச்சுவழிச் சிகிச்சை அல்லது மாத்திரை. எது வேண்டும் என்பதில் நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்புத் தர வேண்டும். மிகக் கடுமையான நோய்க்கு நான்காம் படியாக நிபுணர் குழு.

படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாலை ஆறு மணிக்குக் கிளினிக்கின் கதவைத் திறந்தால், வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். பொதுப் பதற்ற நோய்க்குப் பேச்சுவழிச் சிகிச்சை என்றால் வாரம் ஒரு மணி நேரம் வீதம் 12 முதல் 15 வாரம் என்கிறது நெறி. என்னிடம் ஒரு நோயாளிக்கு இருப்பதோ ஏழு நிமிடம்!

முதல் சிக்கல்: நோய் வேறு வேஷத்தில் வருகிறது

"டாக்டர், எனக்குப் பதற்ற நோய்" என்று சொல்லிக்கொண்டு இதுவரை ஒருவரும் என்னிடம் வந்ததில்லை. "நெஞ்சு திக்குதிக்குன்னு அடிக்குது", "அடிவயிறு கலங்குது", "கைகால் வெலவெலங்குது", "வாயு மேலே ஏறி மூச்சை அடைக்குது", "தலை கிர்ருங்குது" என்றுதான் வருவார்கள். அந்தக் காலத்தில் நான் செய்தது என்ன? வாயுவுக்கு ஒன்று, தலைசுற்றலுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, தெம்புக்கு வைட்டமின் ஒன்று என்று நான்கு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவேன். அடுத்த மாதம் வேறு ஒரு டாக்டர் வேறு நான்கு எழுதுவார்.

இப்போது செய்வது வேறு. உடல் நோய் இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை ஒழுங்காகப் பார்க்கிறேன். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும். ரத்தசோகையிலும், சர்க்கரை இறங்கினாலும், இதயத் துடிப்புக் கோளாற்றிலும் வரும். அதிகக் காப்பியாலும் வரும், குடியை நிறுத்தியவருக்கும் வரும். அதனால் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., காப்பி எத்தனை, மது உண்டா, வேறு என்ன மருந்து என்ற விசாரணை. இவ்வளவும் சரியாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். "எதற்கும் இன்னொரு ஸ்கேன் எடுத்துவிடுவோம்" என்று ஒவ்வொரு முறையும் எழுதினால், "டாக்டருக்கே சந்தேகம் இருக்கிறது போல" என்று நோயாளியின் பயம்தான் வளரும்.

அடுத்து ஒரு சின்ன வினாத்தாள். 2006இல் வெளியான இதற்கு ஜி.ஏ.டி.-7 என்று பெயர். கடந்த இரண்டு வாரங்களில் பதற்றம், அடக்க முடியாத கவலை, நிலைகொள்ளாமை, எரிச்சல், ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்ற பயம் போன்ற ஏழு தொல்லைகள் எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் விரிவாக விசாரிக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் நோயாளியே நிரப்பிவிடலாம் என்பதால் என் ஏழு நிமிடத்தில் இரண்டு நிமிடம் மிச்சமாகிறது. அதைவிடப் பெரிய நன்மை, அடுத்த மாதம் 16 என்பது 9 ஆகியிருந்தால் நோயாளியின் கண்ணுக்கே அது தெரியும். ஆனால் மதிப்பெண்ணே நோயின் பெயர் ஆகிவிடாது. காய்ச்சல்மானி காய்ச்சலைக் காட்டுமே தவிர, டைஃபாய்டா மலேரியாவா என்று சொல்லாது அல்லவா?

இரண்டாம் சிக்கல்: மொழி

நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்கே உரிய சிக்கல் இது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகனோடு இருக்க வந்த ஓர் அம்மா. வயது ஐம்பத்தாறு. தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. ஆறு மாதமாகத் தூக்கமில்லை, உடம்பெல்லாம் எரிச்சல். மகன் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே அம்மா சொன்ன எல்லாவற்றையும் மகன், "கப்ராஹட் ஹோதா ஹை" என்ற மூன்று சொல்லில் மொழிபெயர்த்துவிட்டார். பாவம், அவர் மேல் தப்பில்லை. "அடிவயித்துல ஏதோ பிசையுது" என்பதற்கு அவருக்கு இந்தியில் வேறு சொல் கிடைக்கவில்லை.

என்னிடம் வந்தபோது மகனைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். "இப்ப சொல்லுங்கம்மா, என்ன நினைச்சா மனசு கலங்குது?" என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தம்பி, அவன் ராத்திரி குடிச்சுட்டு பைக்குல வர்றான். பதினோரு மணிக்குக் கதவுச் சத்தம் கேக்குற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இல்ல. இதை அவங்கிட்டயே எப்படிச் சொல்லி அந்த டாக்டர்கிட்ட சொல்லச் சொல்வேன்?" என்றார்.

ஆறு மாதமும் மூன்று பரிசோதனைகளும் கண்டுபிடிக்காததை அம்மா ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். நோயாளியோடு தனியாகப் பேசு, குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக நம்பியிராதே என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. அம்மாவுக்குப் பதற்ற நோய் இருந்தது உண்மை. சிகிச்சையும் கொடுத்தேன். ஆனால் அந்த வீட்டில் முதலில் பேச வேண்டியிருந்தது மகனோடு. அம்மா அனுமதி கொடுத்த பிறகு பேசினேன். அவர் குடியை அடியோடு விட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். பைக்கில் வருவதை விட்டார். இரவு எட்டு மணிக்கு ஒரு போன் செய்கிறார். அம்மாவின் மதிப்பெண் பாதியாகக் குறைந்தது.

மூன்றாம் சிக்கல்: நிபுணர் இல்லாத இடத்தில் பேச்சுவழிச் சிகிச்சை

முப்பத்து நான்கு வயது இளைஞர். ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஒரு நாள் காலை ஃபாஸ்ட் லோக்கலில் காட்கோபருக்கும் குர்லாவுக்கும் நடுவில் நெஞ்சை யாரோ அழுத்துவது போலிருந்தது. மூச்சு முட்டியது, விரல் நுனி மரத்தது, கண் இருண்டது. குர்லாவில் இறங்கி ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். அடுத்த வாரம் மறுபடி ரயிலில் அதே தாக்கம். அதற்கு மேல் ரயிலே வேண்டாம் என்று பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக ஆரம்பித்தார். பிறகு பஸ்ஸிலும் பயம். லீவு தீர்ந்தது. வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்த நிலையில்தான் மனைவியோடு என்னிடம் வந்தார். வீட்டுக் கடன் பாக்கி பதினெட்டு வருடம்.

பீதி நோயின் சுழற்சியை 1986இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் தெளிவாக விளக்கினார். முதலில் உடலில் ஏதோ சின்ன மாற்றம், கூட்டத்தில் வெக்கையால் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது என்று வையுங்கள். "இது மாரடைப்பு" என்று மனம் தவறாக வாசிக்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்க, நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. "பார்த்தாயா, மாரடைப்பேதான்" என்கிறது மனம். சுழற்சி முழுமையாகிவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் தப்பித்துவிட்டால் பயம் தணியும். ஆனால் "இறங்கியதால்தான் பிழைத்தேன்" என்ற தப்பான பாடமும் சேர்ந்து பதிந்துவிடும்.

இதை ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொன்னேன். நெஞ்சும் நுரையீரலும் சீராக இருப்பதைப் பரிசோதித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். விரல் மரத்தது, தலை சுற்றியது. "ரயில்ல வந்தது இதேதான் டாக்டர்!" என்றார். "மாரடைப்பை நாற்காலியில் உட்கார்ந்து நாமே வரவழைக்க முடியுமா?" என்று கேட்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன் என்று மனைவி சொன்னார்.

பிறகு இருவரும் சேர்ந்து ஒரு ஏணி போட்டோம். முதல் படி, முலுண்ட் பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து ரயில்களைப் பார்ப்பது. இரண்டாவது, கூட்டமில்லாத பதினோரு மணிக்கு ஸ்லோ லோக்கலில் ஒரே ஒரு ஸ்டேஷன், நாஹூர் வரை. மூன்றாவது காட்கோபர், நான்காவது குர்லா, ஐந்தாவது தாதர். ஆறாவது அதே தாதருக்கு ஃபாஸ்ட் வண்டியில். கடைசிப் படி, காலை எட்டரைக் கூட்டத்தில், துணையின்றி. ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நோட்டில் குறிக்க வேண்டும். பயம் தானாகப் பாதியாகும் வரை இடத்தை விட்டு ஓடக் கூடாது. அந்தப் படி சலித்துப்போன பிறகுதான் அடுத்த படி.

மூன்றாவது வாரம் விக்ரோலியில் இறங்கி ஓடிவந்துவிட்டார். "நமக்கு இது ஆகாது டாக்டர்" என்றார். நோட்டைப் பார்த்தேன். அன்று அவர் தாமாகவே இரண்டு படியை ஒரே நாளில் தாண்டப் பார்த்திருக்கிறார். திரும்ப நாஹூருக்குப் போனோம். அதோடு, சட்டைப்பையில் அவர் எப்போதும் ஒரு மாத்திரையும் கையில் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்ததும், கதவருகில் மட்டுமே நின்றதும் அப்போதுதான் தெரியவந்தது. இவையெல்லாம் மனம் பிடித்துக்கொள்ளும் ஊன்றுகோல்கள். ஒவ்வொன்றாக விடச் சொன்னேன். பதினோராவது வாரத்தில், காலைக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு அலுவலகம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து எனக்கு போன் செய்தார்: "டாக்டர், பயமே இல்ல. எரிச்சல்தான் வந்துச்சு, ஒருத்தர் என் காலை மிதிச்சுட்டார்!"

பீதி நோய்க்கு இந்தச் சிகிச்சை மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்கிறது பிரிட்டன் நெறி. நான் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருபது இருபது நிமிடம்தான். முறையாகப் பயின்ற உளவியலாளர் இதைவிட நன்றாகச் செய்வார். ஆனால் அவருக்குக் காத்திருந்தால் வேலை போயிருக்கும். நெறியை அப்படியே செய்ய முடியாவிட்டால் அதன் சாரத்தையாவது செய்யலாம் என்பதே நான் கற்றது.

மாத்திரையைப் பற்றி

பேச்சுவழிச் சிகிச்சை கிடைக்காதவர்களுக்கும், அது போதாதவர்களுக்கும், மாத்திரையையே விரும்புகிறவர்களுக்கும் முதலில் கொடுக்கச் சொல்வது எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற வகை. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை. இவற்றுக்கு அடிமையாக மாட்டோம். ஆனால் இரண்டு விஷயம் சொல்லாமல் கொடுத்தால் சிகிச்சை தோற்றுப்போகும்.

ஒன்று, இவை உடனே வேலை செய்யாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, ஏன், பதற்றமே சற்றுக் கூடுதலாகக்கூட இருக்கலாம். அதனால் குறைந்த அளவில் ஆரம்பிக்கிறோம். முன்பெல்லாம் இதைச் சொல்லாமல் கொடுத்து, நான்காம் நாளே, "உங்க மாத்திரை ஒத்துக்கலை" என்று வேறு டாக்டரிடம் போனவர்கள் பலர். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், அவர்களை ஒரு வாரத்துக்குள்ளும் முதல் மாதம் முழுக்க வாராவாரமும் பார்க்க வேண்டும் என்கிறது நெறி. அந்தக் கேள்வியை நேராகவே கேட்கிறேன். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டியதில்லை. கேட்டதற்காக நன்றி சொன்னவர்களே அதிகம்.

இரண்டு, குணமானதும் தாமாக நிறுத்தக் கூடாது. பொதுப் பதற்ற நோயில் பலன் தெரிந்தால் குறைந்தது ஒரு வருடமாவது தொடர வேண்டும். இல்லாவிட்டால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். நிறுத்தும்போதும் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மாத்திரையை மும்பையிலேயே மறந்துவிட்டுப் போய், நான்காம் நாள் தலைசுற்றலோடு எனக்கு போன் செய்பவர்கள் ஒவ்வொரு மே மாதமும் உண்டு!

அந்தச் சின்ன மாத்திரை

இனி பந்தியில் பார்த்த மாத்திரைக்கு வருகிறேன். அல்பிரசோலம், குளோனாசிபாம், லோராசிபாம், டயசிபாம் எல்லாம் ஒரே குடும்பம். அரை மணி நேரத்தில் படபடப்பை அடக்கும். அந்த வேகமே அதன் ஆபத்தும். சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டாலே உடல் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் பழைய பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்பேகூட வரும். பொதுப் பதற்ற நோயில் நெருக்கடியான சில நாட்களுக்கு மட்டும் கொடு, பீதி நோய்க்குக் கொடுக்காதே என்கிறது பிரிட்டன் நெறி. நம் நாட்டிலும் அல்பிரசோலம் 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்கியவர் பெயரையும் எழுதிய டாக்டர் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் இப்படி. பழைய சீட்டைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்குகிறவர்களை நாமெல்லாம் அறிவோம்.

எனக்கும் ஒருவரைத் தெரியும். கும்பகோணத்து மாமி ஒருவர். கணவர் காலமானபோது தூக்கமில்லாமல் தவித்தார். அல்பிரசோலம் அரை மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, "பத்து நாளைக்கு" என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அவர் வரவில்லை, நானும் கேட்கவில்லை. அவ்வப்போது சளி, காய்ச்சல் என்று வரும்போது, "அந்தத் தூக்க மாத்திரையையும் சேர்த்து எழுதிடுங்கோ டாக்டர்" என்பார். வெளியே கூட்டம் இருக்கும். எழுதிவிடுவேன். இப்படியே ஒன்பது வருடம். அறுபத்தெட்டு வயதில் ஓர் இரவு பாத்ரூமுக்கு எழுந்தவர் தள்ளாடி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வயதானவர்களை இந்த மாத்திரைகள் தள்ளாடவைக்கும், விழவைக்கும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பது. எலும்பு மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதை யார் இத்தனை வருடமாக எழுதியது?" என்று கேட்டாராம். கையெழுத்து என்னுடையது.

குறைக்க ஆரம்பித்தோம். தினம் ஒரு மில்லிகிராம் என்பதைக் கால் மில்லிகிராம் மாத்திரைகளாக மாற்றி, அதில் பாதியை, அதாவது எட்டில் ஒரு பங்கை, நான்கு வாரத்துக்கு ஒரு முறை குறைத்தோம். கணக்குப்படி எட்டு மாதம். கடைசி இரண்டு படிகளில் தூக்கம் மிகவும் கெட்டதால் இன்னும் மெதுவாகப் போனோம், பத்து மாதம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் அவரைப் பதினைந்து நிமிடம் பேசவிட்டேன். ஒன்பது வருடமாக அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் அப்போதுதான் வந்தது. கணவர் இறந்தது தூக்கத்தில். பக்கத்தில் படுத்திருந்தும் தமக்குத் தெரியவில்லை என்ற குற்ற உணர்ச்சி. அதனால் தூங்கவே பயம். அதற்குத் தேவைப்பட்டது மாத்திரை அல்ல, அதைச் சொல்லி அழ ஓர் இடம்.

கடைசித் துண்டு மாத்திரையையும் விட்ட பிறகு ஒரு நாள் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "டாக்டர், இதையெல்லாம் அன்னிக்கே கேட்டிருக்கலாமே?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து இந்தக் குடும்பத்து மாத்திரை எதை எழுதினாலும், நிறுத்த வேண்டிய தேதியையும் சீட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

வீட்டார் கவனத்துக்குச் சில வார்த்தைகள்

பதற்றத்தில் இருப்பவரிடம், "உனக்கு என்ன குறை? எல்லாம் மனசை விட்டுடு" என்று சொல்லாதீர்கள். விட முடிந்தால் விட்டிருக்க மாட்டாரா? "கஷ்டமாகத்தான் இருக்கும், கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அதே சமயம், பயந்த இடத்துக்கெல்லாம் போகாமலிருக்க உதவியும் செய்யாதீர்கள். அவருக்குப் பதில் நீங்களே கடைக்குப் போய்க்கொண்டே இருந்தால் பயம் வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

முதல் தடவை வரும் நெஞ்சுவலியைப் பதற்றம் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். முதலில் ஈ.சி.ஜி., பிறகுதான் மற்றது. ஆஸ்துமா உள்ளவர்கள் படபடப்புக்கென்று பக்கத்து வீட்டார் தரும் புரோப்ரனலாலை வாங்கிச் சாப்பிடக் கூடாது, மூச்சு இறுகிவிடும்.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: என் நோயின் பெயர் என்ன? மாத்திரை தவிர வேறு வழி உண்டா? இந்த மாத்திரையை எப்போது, எப்படி நிறுத்துவது? இவற்றைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் டாக்டரிடமிருந்து வேறு டாக்டரிடம் போகலாம்.

தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கியது. 14416 என்ற எண்ணுக்கு நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பேசலாம். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு நான்கு சுவருக்குள் இருக்கும் பெரியவர்களுக்கு இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

பந்தியில் நான் அந்த அம்மையாரிடம் எதுவும் பேசவில்லை. நாலு பேர் முன் சொல்லியிருந்தால் அவர் மனம் புண்பட்டிருக்கும். இந்தக் கட்டுரை அவருக்காகவும்தான். அம்மா, இதைப் படித்தால் பயந்துபோய் இன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது தொடர்வதைவிட ஆபத்து. பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள், "இதை மெல்ல மெல்ல எப்படி விடுவது?" என்று கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோளை மட்டும் இன்றிலிருந்தே கடைப்பிடியுங்கள்: பக்கத்து இலைக்கு அதை நீட்டாதீர்கள்.